வடக்கே போகவேண்டிய மணல்

பாலமுனை முதல் மருதமுனை வரையுள்ள பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளுக்கும், மீனவர் சங்கங்களுக்கும், காரைதீவு, பாண்டிருப்பு ஆலய பரிபாலன சபைகளுக்கும் ஒரு திறந்த மடல்



வாடை தொடங்கினால் நம் கரையோர ஊர்களில் மகஜர்களும் தொடங்கிவிடுகின்றன. ஒலுவிலில் தென்னந்தோட்டம் சரிகிறது, நிந்தவூரில் கரைவலை வாடிகளைக் கடல் கொண்டுபோய்விட்டது, மாளிகைக்காட்டு மையவாடியின் சுற்றுமதில்வரை அலை வந்துவிட்டது, சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் தோணி இழுத்துவைக்க இடம் போதவில்லை. ஊரும் கையெழுத்தும் மாறுகின்றன. கடைசிப் பந்தி மட்டும் மாறுவதில்லை: எங்கள் ஊருக்குக் கல் போட்டுத் தாருங்கள். யாராவது வந்து பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், சில லொறி கருங்கல் இறங்குகிறது, அடுத்த வாடைக்கு அடுத்த ஊரிலிருந்து மகஜர் போகிறது. இந்த மடல் அந்தக் கடைசிப் பந்தியைப் பற்றியது. ஊர் ஊராகக் கல் கேட்பதை விட்டுவிட்டு எல்லா ஊர்களும் ஒரே தாளில் மணல் கேட்க வேண்டும் என்று வாதாடவே இதை எழுதுகிறேன். கேட்டவுடன் வேடிக்கையாகத்தான் இருக்கும். கடல் அள்ளிக்கொண்டு போவதே மணலைத்தானே, அதையே திரும்பக் கேட்பதா என்று நினைப்பீர்கள். அதனால் கடல் எப்படி அள்ளுகிறது, அள்ளியதை எங்கே வைக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதுதான் முறை.

நாம் குடியிருக்கும் நிலத்தைக் கட்டியதே அலைதான். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுவரை பிரதான வீதியில் போகும் யாருக்கும் இது தெரியும்: கிழக்கே கடல், மேற்கே வயலும் வாவியும், நடுவில் ஒடுங்கிய ஒரு மணல் மேடு. கிணறு தோண்டினால் மணல், கபுறு தோண்டினாலும் மணல். ஆறுகள் மலைநாட்டிலிருந்து கொண்டுவந்து கடலில் சேர்த்த மணலை அலைகள் பல ஆயிரம் ஆண்டுகளாகக் கரையோரமாக நகர்த்தி, ஒதுக்கி, காற்று அதைக் குவித்து உண்டான மேடு இது. நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு முழம், மிஞ்சிப்போனால் கொஞ்சம் கூட. உலகின் சில கரைகளில் அது பத்து மீற்றரைத் தாண்டும். ஆகவே இங்கே கரையின் உருவத்தைத் தீர்மானிப்பது அலை மட்டுமே என்று சொல்லிவிடலாம். அரிப்பும் அதன் வேலை, படிவும் அதன் வேலை. ஓரிடத்தில் வருகிற மணல் போகிற மணலைவிடக் குறைந்தால் கரை தேய்கிறது, கூடினால் வளர்கிறது. கடல் கோபப்பட்டதாகவோ ஊர்மேல் கண்வைத்ததாகவோ எண்ண வேண்டியதில்லை. இது வரவு செலவுக் கணக்கு.

அந்தக் கணக்கில் இரண்டு பருவங்கள் இருக்கின்றன. மார்கழியிலிருந்து மாசிவரை வாடை என்னும் வடகீழ்ப் பருவக்காற்று எழுப்பும் அலை வடகிழக்கிலிருந்து வந்து மோதுகிறது. அது உயரமானது, நெருக்கமானது, சரிவானது. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி நான்கு மடங்காகும். எனவேதான் இரண்டு மூன்று நாள் கொந்தளிப்பு ஓர் ஆண்டின் கரையைச் சரித்துவிட முடிகிறது. அந்த அலை கரை மணலை இழுத்துக்கொண்டுபோய்ச் சற்றுத் தள்ளிக் கடலடியில் திட்டாகப் போட்டுவிடும்; தெற்கு நோக்கியும் கொஞ்சம் நகர்த்தும். நாம் காண்பதும் படமெடுப்பதும் மகஜர் எழுதுவதும் இந்தக் காலத்தில்தான். மிச்ச மாதங்களில் நடப்பதை யாரும் படமெடுப்பதில்லை. இந்தியப் பெருங்கடலின் தெற்குப் பகுதியில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் வீசும் காற்றுகள் எழுப்பிய நீண்ட அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக நம் கரைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. இதற்கு நமது மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. பொத்துவில் அறுகம்பைக்கு உலகெங்கும் இருந்து அலைச்சறுக்குக்காரர்கள் சித்திரை தொடங்கி ஐப்பசிவரை வருகிறார்களே, அவர்கள் தேடி வருவது இந்தத் தெற்கலையைத்தான். தெற்கிலிருந்து வரும் அலை அங்குள்ள நிலமுனையைச் சுற்றி வளைந்து குடாவுக்குள் நீளமாக உடைகிறது. வாடை பிறந்தால் அந்த விளையாட்டும் முடிந்துவிடும். ஆக, ஆண்டின் பெரும்பகுதி நம் கரையைத் தொடும் அலைக்குத் தெற்கிலிருந்து வடக்கு என்று ஒரு திசை இருக்கிறது.

அந்தத் திசை மணலுக்கும் வந்து சேர்கிறது. எப்படி என்பதைத் தெற்கலைக் காலத்தில் கரையில் குந்தியிருந்து பார்த்தால் கண்ணாலேயே காணலாம். சாய்வாக வந்து உடையும் அலை நுரையோடு கரைமேல் ஏறும்போது நேராக ஏறாது. வடமேற்காகச் சரிந்து ஏறும். ஏறும்போது ஒரு கைப்பிடி மணலையும் அந்தச் சரிவிலேயே தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது தண்ணீருக்கு அலையின் வேகம் இல்லை, நிலத்தின் சரிவு மட்டுமே உண்டு. ஆகவே நேராகக் கிழக்கே இறங்கும். ஏறியது சாய்வு, இறங்கியது நேர். ஒரு சிப்பித் துண்டையோ சிவப்பு மணியையோ போட்டுப் பாருங்கள். சில அலைகளுக்குள் அது சில அடி வடக்கே போயிருக்கும். இரவு பகலாக ஆயிரக்கணக்கான அலைகள் இப்படிச் செய்கின்றன; இதோடு அலை உடையும் இடத்துக்குள் கரையை ஒட்டிய நீரோட்டமும் மணலைக் கலக்கிக்கொண்டு அதே திசையில் ஓடுகிறது. வாடைக்காலத்தில் இந்த ஓட்டம் எதிர்ப்பக்கம் திரும்பும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் ஆண்டுக் கணக்கில் மிஞ்சுவது வடக்கு நோக்கிய நகர்வு. திருக்கோவில் கரையில் இருந்த மணல் அக்கரைப்பற்றுக்கும், பாலமுனை மணல் ஒலுவிலுக்கும், ஒலுவில் மணல் நிந்தவூருக்கும், நிந்தவூர் மணல் காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனைக்கும் போய்க்கொண்டிருந்தது. எந்த ஊரின் கரையும் அந்த ஊருக்குச் சொந்தமான மணலால் ஆனதல்ல. தெற்கே உள்ள ஊரிலிருந்து வந்து சிலகாலம் தங்கி வடக்கே போகும் மணலைத்தான் நாம் நம் கரை என்கிறோம்.

இந்த நகர்வின் குறுக்கே 2008இல் ஒலுவிலில் வேலை தொடங்கியது. டென்மார்க்கின் கடனுதவியில், சுமார் 46 மில்லியன் யூரோ செலவில், கடலுக்குள் நீளும் அலைதடுப்பு அணைகளோடு கட்டப்பட்ட துறைமுகத்தை 2013 செப்டம்பர் 1ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ திறந்துவைத்தார். துறைமுக அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் கண்ட கனவு என்பதால் நம்மில் பலருக்கு அதைக் குறைசொல்வது சங்கடமாக இருக்கிறது. அந்தச் சங்கடம் தேவையற்றது. இந்தக் கரைக்கு ஒரு துறைமுகம் வேண்டும் என்று நினைத்தது வேறு. அதை எப்படிக் கட்டுவது, கட்டியபின் எப்படிப் பராமரிப்பது என்பது வேறு. நடந்தது என்ன? தெற்கிலிருந்து வந்த மணல் அணையில் முட்டி நின்றது. அணைக்குத் தெற்கே கரை அகன்றது. அணையின் நுனியைச் சுற்றிக்கொண்டு போன மணல் துறைமுக வாயிலில் படிந்து படகு போகும் வழியை அடைத்தது. வடக்கே போய்ச் சேரவேண்டிய மணல் சேரவில்லை. ஆனால் அலை நிற்கவில்லை. அது வழமைபோல் வடக்கே இருந்த மணலை இன்னும் வடக்கே கொண்டுபோனது. வரவு நின்று செலவு மட்டும் தொடர்ந்ததால் ஒலுவிலின் வடபுறக் கரை சரிந்து, தென்னைகள் வேரோடு விழுந்து, காணிகள் கடலாயின. நம் நாட்டின் கரையோர அரிப்பு முகாமைத்துவத்துக்கான முதல் பெருந்திட்டம் 1986இல் தயாரானதும் டென்மார்க்கின் உதவியோடுதான். ஆகவே மணல் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாமல் இது நடந்ததாகச் சொல்லமுடியாது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையிலும் நிகர மணல் நகர்வு வடக்கு நோக்கியதுதான். சென்னையில் 1870களில் துறைமுகத்தின் கல்லணைகளைக் கட்டத் தொடங்கியபின் தெற்கே மணல் ஒதுங்கி ஒதுங்கி இன்றைய மெரினாவின் அகலம் உண்டானது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் நோக்கிய மீனவக் குப்பங்கள் கரையை இழந்தன. மெரினாவில் காற்றுவாங்கப் போகிறவர் யாரும் ராயபுரத்தின் மணலில் நடப்பதாக நினைப்பதில்லை. புதுச்சேரியில் 1980களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்றுமுகத்தில் துறைமுக அணைகள் எழுந்தன. சில ஆண்டுகளில் நகரக் கடற்கரை மறைந்துபோனது. அங்கே செய்ததுதான் நமக்குப் பாடம். நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். நகரம் தப்பியது, அரிப்பு வடக்கே நகர்ந்தது. அங்கேயும் கல் கொட்டினார்கள். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கோட்டக்குப்பத்தை அடுத்த தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று மீனவக் கிராமங்கள் வரிசையாகப் பாதிக்கப்பட்டன. கல்லுக்குப் பின்னால் அரிப்பும், அரிப்புக்குப் பின்னால் கல்லுமாக அது வடக்கே ஊர்ந்துகொண்டே போனது.

இங்கே சிலர் மறிப்பார்கள். கடல்மட்டம் உயர்கிறது, காலநிலை மாறிவிட்டது, துறைமுகத்தின்மேல் ஏன் பழிபோடுகிறீர்கள் என்று. கடல்மட்டம் உயர்வது உண்மைதான். 1901 முதல் 2018 வரை உலகச் சராசரி சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருப்பதாக ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழு கணக்கிட்டிருக்கிறது. அண்மை ஆண்டுகளில் வேகமும் கூடியிருக்கிறது. அது நம் பிள்ளைகளின் காலத்துக்குப் பெரிய அபாயம். ஆனால் கடல்மட்டம் அணையின் வடக்கே மட்டும் உயர்ந்து தெற்கே தாழ்வதில்லை. ஒரே கடல், ஒரே மட்டம், ஒரே மழை, ஒரே வாடை. அணையின் ஒரு பக்கம் கரை வளர்கிறது, மறுபக்கம் தேய்கிறது. இரு பக்கத்துக்கும் பொதுவான ஒரு காரணத்தால் இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. 2004 சுனாமியைக் காரணம் சொல்வோருக்கும் இதே பதில்தான். நம் மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்தப் பேரலை கரையைக் குதறியது, முகத்துவாரங்களை உடைத்தது. ஆனால் அதுவும் வடக்கு, தெற்கு பார்த்து வரவில்லை. கடல்மட்ட உயர்வு வலுக்கும்போது மணல் வரத்து உள்ள கரை ஓரளவு தாக்குப்பிடிக்கும், வரத்து அறுந்த கரை முதலில் போகும். ஆகவே காலநிலையை முன்னால் நிறுத்துகிறவர் என் வாதத்தை வெட்டுவதில்லை, அவசரத்தைக் கூட்டுகிறார்.

இனிக் கல்லுக்கு வருவோம். கல் வேலை செய்யும் என்பதை மறுக்கமாட்டேன். பின்னால் ஒரு வீடோ வீதியோ மையவாடியோ இருந்து, நாளைக் காலை அது போய்விடும் என்ற நிலையில் கல்லைத் தவிர வேறு கதி இல்லாத இடங்கள் உண்டு. ஆனால் அது எதைக் காக்கிறது என்பதில் நாம் ஏமாறக்கூடாது. பின்னாலுள்ள காணியைக் காக்கிறது. முன்னாலுள்ள கரையைக் காப்பதில்லை. சரிவான மணற்கரையில் ஏறும் அலை தன் வேகத்தை அங்கேயே செலவழிக்கிறது, தண்ணீரில் ஒரு பகுதி மணலுக்குள் வடிந்துவிடுகிறது. கல்வரிசையில் மோதும் அலைக்கு அந்தச் செலவு குறைவு. மிச்சச் சக்தியோடு திரும்பி அடியிலுள்ள மணலைக் கிளறுகிறது. அடி ஆழமாகிறது, ஆழமானால் இன்னும் பெரிய அலை உடையாமல் கிட்ட வருகிறது, சில ஆண்டுகளில் கல்லே சரிந்து இறங்குகிறது, மேலும் கல் வேண்டியிருக்கிறது. கல்வரிசை முடியும் வடக்கு முனையில் ஒரு வளைவு உள்வாங்கி வெட்டுப்பட்டிருக்கும். மேலே இருந்து பார்த்தால் பிறை போலத் தெரியும் அந்த வெட்டு அடுத்தவருடைய காணியில்தான் விழுகிறது. ஏனென்றால் கல்லுக்குப் பின்னால் பூட்டப்பட்ட மணலும் வடக்கே போகவேண்டிய வரவில் ஒரு பங்கு. குத்பாக்களில் அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும் நாம், நம் மகஜரின் கடைசிப் பந்தியில் அண்டை ஊரின் கரையைக் கேட்கிறோம் என்பது எழுதும்போது நமக்குத் தெரிவதில்லை.

கரைவலைக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வலையை வளைத்துவிட்டு இருபக்கமும் ஆட்கள் கயிறு பிடித்து இழுத்து ஏற்ற ஒரு பாட்டுக்கு எவ்வளவு மணல் வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். கல் கொட்டிய கரையில் வலை இழுக்க முடியாது, தோணி ஏற்ற முடியாது, வாடி போட முடியாது. கடலரிப்புத் தடுப்பு என்ற பெயரில் முதலில் பறிபோவது அவருடைய தொழிலிடம். ஆனால் மகஜரில் முதல் கையெழுத்துகளில் அவருடையதும் இருக்கும். வேறு எதைக் கேட்பது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நம் ஊர்களில் கடலை நம்பி இருப்பவரைப் போலவே வயலை நம்பி இருப்பவரும் பலர். வாய்க்காலில் மேல்கண்டத்துக்காரர் வரம்பு கட்டித் தண்ணீரை மறித்தால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கீழே இருப்பவர் தன் வயலில் மிஞ்சியிருக்கும் தண்ணீரைக் காக்க வரம்பை உயர்த்துவார். அவருக்குக் கீழே இருப்பவர் இன்னும் காய்வார். அதற்காகத்தான் வட்டவிதானை என்று ஒருவரை வைத்திருக்கிறோம். போகத் தொடக்கத்தில் கூடிப் பேசி, முறை வைத்து, மறித்தவரிடம் போய் வரம்பை வெட்டு என்று சொல்லும் அதிகாரத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறோம். நம் கரைக்கு அப்படி ஒருவர் இல்லை. துறைமுகமும் மீன்பிடித் துறையும் அவற்றுக்கான நிறுவனங்களிடம், கரை கரையோரம் பேணல் திணைக்களத்திடம், ஊர் எல்லை பிரதேச செயலகங்களிடம், வெள்ளநீர் வடியும் தோணாக்கள் உள்ளூராட்சி சபைகளிடம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரும் சராசரி தாழ்நீர் மட்டத்திலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் கொண்ட ஒரு வலயத்தை வரையறுத்திருக்கிறது. அதற்குள் அனுமதியில்லாமல் எதையும் கட்டக்கூடாது. நல்ல சட்டம். ஆனால் அது கரைக்குக் குறுக்கே அளக்கிறது. மணல் கரையோரமாக நீளவாட்டில் போகிறது. ஒலுவில் துறைமுகத்திலிருந்து கல்முனைவரை சுமார் 15 கிலோமீற்றர். இத்தனை ஊர்களையும் ஒரே கணக்காக எடுத்து மணலின் வரவு செலவை எழுதும் மேசை ஒன்றும் இல்லை. ஊருக்கொரு உள்ளூராட்சி சபை கேட்பதில் நியாயம் இருக்கலாம். அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. மணலுக்கு மட்டும் ஊர் எல்லை போட முடியாது.

அப்படியானால் மணல் கேட்பது என்றால் என்ன? அணைக்குத் தெற்கே ஒதுங்கிய மணலையும் வாயிலில் படிந்த மணலையும் ஒவ்வோர் ஆண்டும் அகழ்ந்து, அணையின் நிழல் விழாத தூரத்துக்கு வடக்கே கொண்டுபோய்க் கரையில் போடுவது. அங்கிருந்து நிந்தவூருக்கும் காரைதீவுக்கும் கொண்டுபோகும் கூலி இல்லாத வேலையை அலையே பார்த்துக்கொள்ளும். இது கற்பனையல்ல. விசாகப்பட்டினத்தில் 1930களில் துறைமுகம் கட்டியதிலிருந்து நுழைவாயிலில் பிடிபடும் மணலை அகழ்ந்து நகரின் கடற்கரையில் இறைப்பது வழக்கமாகவே நடந்துவருகிறது. அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் முகத்துவாரத்தில் 1986 முதலும், அதற்குத் தெற்கே ட்வீட் ஆற்றுமுகத்தில் 2001 முதலும் நிரந்தரக் குழாய்களும் பம்புகளும் ஆற்றுவாயின் ஒரு கரையில் நின்ற மணலை மறுகரைக்கு மாற்றிக்கொண்டிருக்கின்றன. ட்வீட்டில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் ஐந்து இலட்சம் கனமீற்றர். நெதர்லாந்துக்காரர் 2011இல் 215 இலட்சம் கனமீற்றர் மணலை ஓரிடத்தில் குவித்து, பக்கத்துக் கரைகளுக்கு அதைப் பங்கிடும் வேலையை அலையிடமும் காற்றிடமும் விட்டார்கள். நமக்கு அந்த அளவு பணமும் இல்லை, அந்த அளவு மணலும் தேவையில்லை. முறை மட்டும் போதும்.

எதிர்வாதங்களில் வலுவானது இதுதான்: மணலைப் போட்டால் அடுத்த வாடையிலேயே போய்விடும், மக்கள் பணத்தைக் கடலில் கொட்டுவதா? 2020இல் கல்கிசைக் கரையில் மணல் இறைத்தபோது நாடே இந்தக் கேள்வியைக் கேட்டது. சில வாரங்களுக்குள் புதிய மணலில் பெரும்பகுதியைக் காணவில்லை என்று படங்கள் வந்தன. அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. இறைத்த மணலின் ஒரு பகுதி கரையை ஒட்டிக் கடலடியில் பரவி, பெரிய அலையைத் தூரத்திலேயே உடையவைக்கும். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இழப்பல்ல. இருந்தாலும் பருவம் பார்க்காமல், ஒருமுறை மட்டும், திறப்புவிழாவுக்காக இறைக்கும் மணல் வீண்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது வேறு. ஒலுவிலில் மணல் போய்விடுவது குறையல்ல, போவதற்காகவே போடுகிறோம். ஒலுவிலில் போட்ட மணல் ஒலுவிலிலேயே கிடந்தால்தான் திட்டம் தோற்றது என்று அர்த்தம். அதுவும் எந்த மாதத்தில் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. கொந்தளிப்பு அடங்கி, தெற்கலை நிலைகொள்ளும் பங்குனி, சித்திரையில் போட்டால் அது ஏழெட்டு மாதம் வடக்கே நடக்கும். கார்த்திகையில் போட்டால் வாடை அதைத் தெற்கே தள்ளித் துறைமுக வாயிலுக்கே திருப்பி அனுப்பும். நம் நாட்டில் நிதி எந்த மாதத்தில் விடுவிக்கப்படுகிறது, ஒப்பந்தம் எந்த மாதத்தில் கையெழுத்தாகிறது என்பதை யோசித்தால் எனக்குப் பயம் கடலைப் பற்றியதல்ல.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. துறைமுக வாயிலை அகழாமல் ஆழ்கடல் படகுகள் உள்ளே வரமுடியாது. அதை எப்படியும் அகழத்தான் வேண்டும். கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காட்டுப் படகுக்காரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவது அதைத்தான். ஒலுவில் காணிக்காரர்கள் கேட்டுவருவது தங்கள் கரையை. இந்த இரு தரப்பும் ஒருவருக்கொருவர் எதிரி என்ற எண்ணம் எப்படியோ வேரூன்றி, அகழும் இயந்திரம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு தரப்பு வீதிக்கு வருகிறது. ஆனால் படகை மறிக்கும் மணலும் தென்னையைச் சாய்த்த பள்ளத்துக்குத் தேவையான மணலும் ஒன்றே. அகழும் செலவு ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. கூடுதலாக ஆவது அதை வடக்கே கொண்டுபோகும் குழாயின் நீளம் மட்டும். அகழ்ந்த மணலைக் குவித்து வைப்பதோ, நிலம் நிரப்ப ஏற்றிச் செல்வதோ, ஆழ்கடலில் கொட்டுவதோ இந்தக் கரையிலிருந்து களவாடுவதற்குச் சமம் என்று இரு தரப்பும் சேர்ந்து சொன்னால் அதை மறுக்க ஓர் அதிகாரியால் முடியாது.

துறைமுகத்தையே மூடிவிடுங்கள், அணைகளை அகற்றுங்கள் என்ற குரலும் ஒலுவிலில் உண்டு. அதைக் கோபத்தின் பேச்சென்று ஒதுக்க நான் தயாரில்லை. அணை இல்லாவிட்டால் தெற்கே நிற்கும் மணல் காலப்போக்கில் வடக்கே நடந்து கரை மீளும்; இயற்கையின் கணக்குப்படி அதுவே முழுமையான தீர்வு. ஆனால் அந்தக் கருங்கல்லை அகற்ற ஆகும் பணத்தை யார் தருவார்? ஆழ்கடல் படகுகளை எங்கே கட்டுவது? வாழைச்சேனைக்கு ஓடச் சொல்வதா? என் அபிப்பிராயம், துறைமுகம் இருக்கட்டும். ஆனால் மணலை வடக்கே அனுப்புவது அதன் அன்றாடப் பராமரிப்பில் ஒரு பகுதியாக எழுத்தில் வரவேண்டும், மின்கட்டணம்போல. அதற்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க அரசுக்கு மனமில்லை என்றால், அப்போது மூடச் சொல்பவர்கள் சரி.

இனி நாமே செய்துகொள்வதையும் சொல்லாமல் விட்டால் இந்த மடல் ஒருபக்கமாகிவிடும். சாய்ந்தமருதுவரை நடக்கும் அரிப்பு முழுவதற்கும் ஒலுவில்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அணைக்குக் கிட்ட அதன் கை ஓங்கியிருக்கிறது. தூரம் போகப்போக வேறு காரணங்களும் சேர்கின்றன. 1950களின் தொடக்கத்திலிருந்து இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்து நிற்கும் சேனாநாயக்க சமுத்திரம் நம் வயல்களுக்குத் தண்ணீர் தந்தது. அதே அணை, களியோடை வழியாகக் கடலுக்கு வரவேண்டிய மணலில் பெரும்பங்கைக் குளத்தின் அடியில் தங்கவைத்தது. அதைத் திருப்பக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆனால் கீழே மிஞ்சிய ஆற்றுமணலையும் வீடு கட்டவென்று அள்ளுகிறோம். கரைமணலை இரவோடிரவாக உழவு இயந்திரத்தில் ஏற்றுகிறவர் யாரென்று ஊருக்குத் தெரியும், சபைக்கும் தெரியும். தோணாவை நிரப்பி வளவாக்குகிறோம். வெள்ளம் வந்தால் முகத்துவாரத்தை அவசரமாக வெட்டுகிறோம். அடம்பன்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து மணலைப் பிடித்துவைத்திருந்த மேட்டைத் தட்டையாக்கிச் சிற்றுண்டிச் சாலையும் நடைபாதையும் போடுகிறோம். வாடைக்கு முன்னால் பின்வாங்கி, தெற்கலையோடு முன்னால் வரும் கரைக்கு அசைய இடம் வேண்டும்; அந்த இடத்தில் மதில் எழுப்பிவிட்டுக் கடல் வந்துவிட்டது என்கிறோம். இந்த விடயங்களில் பள்ளிவாசல் சபைகளின் ஒரு வெள்ளிக்கிழமை அறிவிப்பு, ஒரு திணைக்களத்தின் பத்து அறிவித்தல் பலகைகளைவிட வேலை செய்யும்.

அரிப்பு நடக்கிறதா, மணல் வந்து சேர்கிறதா என்பதை அறிய யாரும் கொழும்பிலிருந்து வரவேண்டியதில்லை. கிழக்குக் கரை மணலில் இல்மனைட் கலந்திருப்பது புல்மோட்டையால் ஊரறிந்த செய்தி. பெரிய அலை அடித்த மறுநாள் கரையில் கறுப்புப் பட்டைகள் தெரிந்தால், இலேசான வெள்ளை மணலை அலை கொண்டுபோய்விட்டுக் கனமான தாதுமணலை விட்டுவைத்திருக்கிறது என்று பொருள். அந்தப் பட்டை தெற்கலைக் காலத்திலும் மூடப்படாமல் கிடந்தால் வரவு நின்றுவிட்டது. ஒவ்வோர் ஊரிலும் அசையாத ஒரு கட்டடத்தின் மூலையிலிருந்து தண்ணீர் விளிம்புவரை மாதம் ஒருமுறை நாடா பிடித்து அளந்து எழுதி வைக்கலாம். கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிவாசல் இருக்கிறது. மற்ற ஊர்களிலும் அப்படி ஒரு கட்டடம் கிடைக்கும். ஒலுவிலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அளக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு வாடையும் இரண்டு தெற்கலையும் அடங்கிய அந்தக் கொப்பி, எந்தப் புகைப்படத்தையும்விட மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் எடுபடும்.

ஆகவே அடுத்த மகஜரில் கடைசிப் பந்தியை மாற்றுங்கள். ஒலுவில் துறைமுகத்தின் தெற்கிலும் வாயிலிலும் சேரும் மணல் ஆண்டுதோறும் சித்திரைக்குள் வடக்கே மாற்றப்பட வேண்டும், அதற்கான செலவு துறைமுகப் பராமரிப்பில் நிரந்தரமாக எழுதப்பட வேண்டும், பாலமுனையிலிருந்து மருதமுனைவரை ஒரே கரையாகக் கணக்கிட்டு முடிவெடுக்கும் குழுவில் நம் சபைகளுக்கும் சங்கங்களுக்கும் இடம் வேண்டும், அதுவரை புதிதாகக் கல் போடுவதானால் வடக்கே உள்ள ஊரின் சம்மதத்தோடுதான் போட வேண்டும் என்று எழுதுங்கள். படகுச் சங்கமும் காணிக்காரர்களும் ஒரே தாளில் ஒப்பமிட வேண்டும். கோயில் சபைகளும் பள்ளிவாசல் சபைகளும் அதே தாளில். முதல் கையெழுத்து எந்த ஊருடையது என்பதில் நம்மவர்கள் ஒரு மாதத்தைச் செலவழிக்கக்கூடும் என்பதால் அதற்கும் ஒரு யோசனை சொல்லிவிடுகிறேன்: மணல் போகும் வரிசையிலேயே போடலாம். பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனைக்குடி, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை.